இரவு பத்து நிமிடம்: தன்னைச் சோதித்தறிதலும் கிருபையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்), எங்கள் வீட்டு முன்னறையில் வியாழக்கிழமைதோறும் நடக்கும் வேதவாசிப்பில், 'தன்னைத்தானே சோதித்தறிதல்' பற்றிப் பேச ஆரம்பித்தோம். வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), நாலைந்து பேர் கத்தோலிக்கர் (என் மாமியார் வீட்டுச் சொந்தம்), இரண்டு பேர் பெந்தெகொஸ்தே சபை. ஈஸ்டர் முடிந்தும் கேள்விகள் முடியவில்லை. புதிதாக வருகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். நான் போதகர் இல்லை. வங்கியில் இருபத்தாறு வருடம், அதில் பெரும்பகுதி கேஷ் கவுண்டரில், உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். பதில்களில் அந்த வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தன்னைத்தானே சோதித்தறிதல் என்றால் சரியாக என்ன?

நம்மில் பலருக்கு இந்த வார்த்தை திருவிருந்து ஆராதனையில்தான் அறிமுகம். "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" (1 கொரிந்தியர் 11:28). சின்ன வயதில் இதைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இந்த வாரம் என்னென்ன பொய் சொன்னேன் என்று அவசர அவசரமாக எண்ணுவேன். முழங்கால்படியிடுகிற வரிசை நெருங்க நெருங்கப் பட்டியலும் நீளும்.

அந்த வசனத்துக்கு ஏழு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். கொரிந்து சபையில் என்ன நடந்தது என்று, இந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் சொல்கிறார். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள், "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்று கடிந்துகொள்கிறார். அந்த இடத்தில்தான் 'சோதித்தறி' வருகிறது. அப்படியென்றால் பவுல் கேட்பது, 'உன் மனசுக்குள் என்ன அழுக்கு' என்பதை மட்டும் இல்லை. 'உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் சாப்பிட்டானா' என்றும் கேட்கிறார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயது ஆனது.

சுருக்கமாகச் சொன்னால், கடவுளுக்கு முன்னால் உட்கார்ந்து நம் நாளை, நம் நடத்தையை, அதன் பின்னால் இருந்த ஆசையை, உள்ளபடி பார்ப்பது. 'கடவுளுக்கு முன்னால்' என்பதை எடுத்துவிட்டால் அது வேறு ஏதோ ஆகிவிடும்.

கிருபையும் அருளும் ஒன்றுதானே?

ஒன்றுதான். கிரேக்கத்தில் 'காரிஸ்'. நம் பழைய வேதாகமத்தில் பெரும்பாலும் 'கிருபை'. 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் 'அருள்'. தகுதி பார்க்காமல் கடவுள் தருகிற தயவு, அந்தத் தயவால் நம்முள் நடக்கிற வேலை, இரண்டுக்கும் இந்தச் சொல் வரும். எங்கள் வீட்டில் என் மாமியார் 'அருள்' என்பார், நான் 'கிருபை' என்பேன், சாப்பாடு ஒரே பானையில்தான்.

எல்லாம் கிருபை என்றால், அப்புறம் எதற்குத் தோண்டித் துருவ வேண்டும்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. நான் இரண்டு வங்கிக் கிளைகளின் கதையைத்தான் சொல்வேன்.

கேஷ் கவுண்டரில் சாயங்காலம் கணக்கு ஒத்துப்போகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. கையிலிருக்கும் பணமும் ஏட்டில் இருக்கும் தொகையும் சரியாக இருக்க வேண்டும். கூடுதல் வந்தால் தனிக்கணக்கில் வைப்போம். குறைந்தால் கேஷியர் தன் கையிலிருந்து போட வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு கிளையில் மேலாளர் வாடிக்கையாளர் முன்னாலேயே கத்துவார். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் இருந்தான். எப்போது கேட்டாலும் "டாலி சார்" (கணக்கு ஒத்துப்போகிறது) என்பான். பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது: குறைந்த பணத்தையெல்லாம் யாருக்கும் சொல்லாமல் தன் சம்பளத்திலிருந்து போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். புது நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கவனிக்காமல் எண்ணியதுதான் காரணம். சொல்லியிருந்தால் ஒரே நாளில் திருத்திக்கொடுத்திருப்போம்.

அடுத்த கிளையில் ஒருநாள் எனக்கு 4,500 ரூபாய் குறைந்தது. கை நடுங்கியது. அந்த மேலாளர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "வாங்கம்மா, சேர்ந்து பார்ப்போம்" என்றார். 4,500-ஐ 9-ஆல் வகுத்துப் பார்த்தார். மீதியில்லாமல் வகுபட்டது. "எங்கேயோ எண் முன்பின் மாறியிருக்கு" என்று சொல்லி சிலிப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். 6,100 கொடுத்துவிட்டு 1,600 என்று பதிந்திருந்தேன். அரைமணி நேரத்தில் கண்டுபிடித்தாயிற்று.

விதி இரண்டு கிளையிலும் ஒன்றே. முதல் கிளையில் தப்பைப் பார்க்கவே பயம்; இரண்டாவதில் பார்க்க முடிந்தது. கிருபை, தப்பைப் பார்க்காமல் விடுகிற சலுகை இல்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறதுதான் கிருபை. "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்று ரோமர் 6-இல் பவுல் பதறுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். கண்டிப்பு குறைந்துவிடுமே என்ற கவலை அங்கே தெரியவில்லை. கிருபையைப் புரிந்துகொண்டவன் அப்படிக் கேட்கவே மாட்டானே என்ற ஆச்சரியம்தான் தெரிகிறது.

(கேஷியர் குறையை இயேசு கட்டிவிட்டார் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி உடனே பிரசங்கம் செய்துவிட்டார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது நாற்காலியைப் பற்றி.)

இயேசு யாரையாவது இப்படிச் சோதித்தாரா?

தம் சீஷன் பேதுருவை. யோவான் 18-இல், இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன இரவில், பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் குளிருக்குக் கரிநெருப்பு மூட்டியிருக்கிறார்கள். அதில் குளிர்காய்ந்துகொண்டுதான் பேதுரு 'அவரைத் தெரியாது' என்கிறான். 21-ஆம் அதிகாரத்தில், விடியற்காலையில், திபேரியா கடற்கரையில் மறுபடியும் கரிநெருப்பு. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வருகிறது. அதே புகை, அதே வாசனை. பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனால் இயேசு எடுத்தவுடன் விசாரிக்கவில்லை. மீனைச் சுட்டு வைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். சாப்பிட்ட பிறகுதான் கேள்வி. அதுவும் 'ஏன் மறுதலித்தாய்' என்ற கேள்வி இல்லை. 'என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா' என்று மூன்று தரம். மூன்றாவது தரம் பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. வலிக்கத்தான் செய்தது. ஆனால் வயிறு நிறைந்த பிறகு வந்த வலி.

தகப்பன் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய கெட்ட குமாரன் கதையிலும் இதே வரிசைதான். பன்றிகள் நடுவே அவனுக்குப் 'புத்தி தெளிந்தபோது' ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். அதன் கடைசி வரி, 'என்னை உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்.' வீட்டுக்கு வந்து பேச ஆரம்பிக்கிறான், ஆனால் அந்தக் கடைசி வரியை அவன் சொல்வதாக லூக்கா எழுதவில்லை. அதற்குள் தகப்பன் வேலைக்காரரைக் கூப்பிட்டு வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். பாவ அறிக்கை அவன் செய்தான். தண்டனையைத் தானே எழுதிக்கொள்ள மட்டும் விடவில்லை.

சரி, எப்படிச் செய்வது? ஒரு முறை இருக்கிறதா?

பல முறைகள் உண்டு. நான் பழகியது இக்னேஷியஸ் லொயோலாவுடையது. 1491-இல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் பிறந்தவர், போர்வீரர். 1521-இல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு காலை நொறுக்கியது. படுத்த படுக்கையில் மனம் திரும்பி, பின்னால் இயேசு சபையைத் தொடங்கினார். 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதலோடு வந்த அவருடைய ஆன்மிகப் பயிற்சி நூலில் தினசரி ஆன்ம சோதனைக்கு ஐந்து படிகள் சொல்கிறார். பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. பாவத்தை அறியவும் விடவும் அருள் கேட்பது. எழுந்த நேரத்திலிருந்து மணிக்கு மணி அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது. மன்னிப்புக் கேட்பது. அவர் அருளோடு திருத்திக்கொள்ளத் தீர்மானித்து, கர்த்தருடைய ஜெபத்தோடு முடிப்பது.

வரிசையைக் கவனியுங்கள். பாவக்கணக்கு மூன்றாவதாகத்தான் வருகிறது. நன்றியும் அருளும் முன்னால் நிற்கின்றன. கடற்கரையில் மீன் முந்தி வந்ததே, அதுபோல.

போன மாதம் ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். இரவு ஒன்பதரைக்கு மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவள் அப்படியே தண்ணீர்த்தொட்டி பக்கத்தில் உட்கார்ந்தேன். நன்றி சொல்ல அன்றைக்கு ஒன்று இருந்தது: மாமியாருக்குச் சர்க்கரை அளவு இறங்கியிருந்தது. அப்புறம் காலையிலிருந்து ஒவ்வொன்றாக. பதினோரு மணிக்குத் தம்பி போன் செய்தான். "வேலையா இருக்கேன்டா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

பழைய காலமாக இருந்தால் 'பொய் ஒன்று' என்று எண்ணிவிட்டு நகர்ந்திருப்பேன். அன்றைக்குக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். ஏன் வைத்தேன்? அம்மா வீட்டை விற்கக் கையெழுத்துக் கேட்பான். கேட்டால் என்ன? இன்னும் ஒரு வருடம் இழுத்தால் விலை ஏறும் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு மகள் கல்யாணச் செலவு, உடனே பணம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இழுத்திருக்கிறேன். துணி கையில் ஈரமாகவே இருந்தது, ஒழுங்காகக் காயவில்லை. 'ஆண்டவரே, எனக்கு ஆசை' என்று மட்டும் சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை. நாளைக்குப் பத்து மணிக்கு நானே போன் செய்வது என்று முடிவு.

செய்தேன். பேச்சு நன்றாகப் போகவில்லை. இத்தனை நாள் எங்கே போனாய் என்று கத்திவிட்டு வைத்துவிட்டான். அடுத்த வாரம் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

இக்னேஷியஸ் இன்னொரு முறையும் வைத்திருக்கிறார். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளுக்கும் கோடு போட்டு, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைப்பது. நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிடுவது. வங்கிக்காரியான எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அதனாலேயே விட்டுவிட்டேன்.

இது கத்தோலிக்க முறை ஆயிற்றே. நாங்கள் செய்யலாமா?

தாராளமாக. சங்கீதம் 139-இல் தாவீது, "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று கேட்பதும் இதுதான். ஆராய்கிறவர் அங்கே தேவன். தாவீது தன்னைத் திறந்து கொடுக்கிறான், அவ்வளவே.

நம் பக்கம் ஆள் வேண்டுமென்றால், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்தில் மணிக்கு மணி தன்னைச் சோதித்து நாட்குறிப்பு எழுதியவர். 1735-இல் மிஷனரியாக ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். திரும்பும்போது, இந்தியர்களை மனந்திருப்பப் போனேன், என்னை யார் மனந்திருப்புவார் என்று எழுதுகிறார் (அமெரிக்கப் பழங்குடிகளைத்தான் அப்படிச் சொல்கிறார்). அத்தனை சோதனையும் அவரைக் கட்டிப்போட்ட கயிறாகத்தான் இருந்திருக்கிறது. 1738 மே 24 சாயங்காலம் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கிறிஸ்து என் பாவத்தையும் எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் வந்தது.

எனக்குப் பிடித்த இடம் அதற்கு அப்புறம். அவர் சோதனையை விட்டுவிடவில்லை. அதே வருடம் டிசம்பரில் சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதுகிறார்: போன சந்திப்புக்குப் பின் என்ன பாவம் செய்தீர்கள், என்ன பாவத் தூண்டுதல் வந்தது, எப்படித் தப்பினீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டும். முன்னால் தனியாக, பயத்தில் செய்ததை இப்போது நண்பர்களோடு உட்கார்ந்து செய்கிறார்.

என்னை நானே என்ன கேட்டுக்கொள்வது? பத்துக் கட்டளையை வரிசையாகப் பார்த்தால் 'கொலை செய்யவில்லை' என்று சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

லூதருடைய சிறிய ஞானோபதேசம் என்கிற கேள்வி-பதில் நூலில் (1529) இதற்கு நல்ல பதில் இருக்கிறது. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழில் கொண்டுவந்தார், அதனால் நமக்கு ரொம்பப் பழைய சரக்கு. கட்டளைகளின் வெளிச்சத்தில் 'உன் நிலையைப் பார்' என்கிறார் லூதர். நீ தகப்பனா, தாயா, மகனா, மகளா, எஜமானா, வேலைக்காரனா? கீழ்ப்படியாமல், சோம்பலாக இருந்தாயா? சொல்லாலோ செயலாலோ யாரையாவது நோகடித்தாயா? திருடினாயா, அசட்டையாய் விட்டாயா, வீணாக்கினாயா?

'நான் பெருமையுள்ளவள்' என்று பொதுவாகச் சொல்வது சுலபம், கேட்பதற்குப் பக்தியாகவும் இருக்கும். 'வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பளத்தை ஐந்தாம் தேதி வரை இழுத்தேன்' என்று சொல்லத்தான் நாக்கு வராது. அதைத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு நேர்மாறான பிரச்சினை. எத்தனை தரம் அறிக்கை செய்தாலும் மனது ஆறவே மாட்டேன் என்கிறது.

இக்னேஷியஸுக்கே இது நடந்தது. 1522-இல் மன்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது, முழுப் பாவசங்கீர்த்தனமும் (குருவிடம் செய்கிற பாவ அறிக்கை) செய்து முடித்த பிறகும், அதைச் சரியாகச் சொன்னேனா, இதை விட்டுவிட்டேனா என்று பழசெல்லாம் திரும்பித் திரும்பி வந்தது. தெளிவாகத் தெரிகிற பாவத்தைத் தவிரப் பழையதை மறுபடி சொல்லாதே என்றார் குரு. அவருக்கோ எல்லாமே தெளிவாகத் தெரிந்தது! அறையில் இருந்த பெரிய ஓட்டையில் குதித்து உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றும் அளவுக்குப் போயிற்று. ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தார். உபவாசத்தை முறி என்று குரு கட்டளையிட்டார். கடைசியில், பழைய பாவங்களை இனிச் சங்கீர்த்தனத்தில் கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்தார். கடவுள் இரக்கத்தால் விடுவித்தார் என்று பின்னால் சொன்னார். தன்னைச் சோதிக்க உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் முதலில் கற்றுக்கொண்டது, எங்கே நிறுத்துவது என்பதை.

லூதரும் மடத்தில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தவர்தான். அவருடைய ஆன்மிக வழிகாட்டி ஸ்டௌபிட்ஸ், உன்னையே பார்த்துக்கொண்டிருக்காதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று திருப்பிவிட்டார்.

ஒரு அடையாளம் சொல்கிறேன். கடவுளுடைய வெளிச்சம் ஒரு காரியத்தைக் காட்டும், அதற்கு ஒரு பெயர் இருக்கும், செய்ய ஒரு அடி இருக்கும். குற்றஞ்சாட்டுகிற குரல் எதையும் குறிப்பாகச் சொல்லாது. 'நீ மோசம், நீ மோசம்' என்று மட்டும் சொல்லும். "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" (1 யோவான் 3:20). அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த இடத்தில் ஆறுதலாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

அப்புறம், இதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரே ஜெபத்தை 'சரியாக' வரும்வரை திரும்பச் சொல்வது, வேண்டாத தூஷண எண்ணம் வந்து வந்து வாட்டுவது, மன்னிப்புக் கிடைத்ததா என்று நாளுக்கு இருபது தரம் யாரிடமாவது கேட்பது, இதெல்லாம் ஓசிடி என்கிற நோயின் ஒரு வடிவமாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு இல்லை. அதுவரை ஆன்ம சோதனையை நிறுத்தி வையுங்கள்; நன்றி சொல்வதோடு படுத்துக்கொள்ளுங்கள்.

என் மனசாட்சி ஒன்றும் உறுத்தவில்லை. அப்படியென்றால் சரியாக இருக்கிறேன் என்றுதானே அர்த்தம்?

பவுல் அப்படிச் சொல்லவில்லை. "என்னிடத்தில் நான் யாதொரு குற்றத்தையும் அறியேன், ஆகிலும் அதினாலே நான் நீதிமானாகிறதில்லை" (1 கொரிந்தியர் 4:4).

ஜான் நியூட்டனை எடுத்துக்கொள்ளுங்கள், 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர். 1748-இல் நடுக்கடல் புயலில் கடவுளைக் கூப்பிட்டதைத்தான் தன் மனந்திரும்புதலின் தொடக்கமாகச் சொல்வார். புயல், மனமாற்றம், அடிமை வியாபாரத்தை உதறல், பாட்டு என்று நாம் கதை சொல்லிக்கொள்கிறோம். நடந்தது வேறு. மனந்திரும்பிய பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குத் தலைவரானார். 1750-க்கும் 1754-க்கும் நடுவில் மூன்று பயணம். கீழ்த்தட்டில் ஆப்பிரிக்கர்கள் சங்கிலியில். மேல்தட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளுக்கு ஆராதனை நடத்துகிறார். கடலை விட்டதும் உடல்நலக் குறைவால். 1764-இல் குருவானார். அந்தப் பாட்டு 1773 புத்தாண்டு ஆராதனைக்கு வந்தது. அடிமை வியாபாரத்தை எதிர்த்துத் தன் பங்கை ஒப்புக்கொண்டு அவர் புத்தகம் வெளியிட்டது 1788-இல். கடைசிப் பயணத்துக்கு 34 வருடம் கழித்து.

அவர் பொய்யர் இல்லை. தினமும் ஜெபித்தவர், தன்னைச் சோதித்தவர். ஆனால் சுற்றியிருந்த எல்லோரும் சாதாரணம் என்று நினைத்ததை அவர் கண்ணும் சாதாரணமாகவே பார்த்தது. கிருபை அவரை விட்டுவிடவில்லை என்பதும் உண்மை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்த வியாபாரத்தைத் தடைசெய்த 1807-ஐப் பார்த்துவிட்டுத்தான் இறந்தார்.

நமக்கு வருவோம். கிறிஸ்தவ வரன் விளம்பரங்களைப் பாருங்கள். 'இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற மணமகள் தேவை' என்று எழுதி, அடுத்த வரியில் சாதிப் பெயர். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலேயே சாதிக்கு ஒரு பக்கம். செத்த பிறகும்! கைபேசியில் அரைமணி நேரம் வீணடித்ததற்கு அழுது ஜெபிக்கிற நமக்கு, இது இரவு பத்து நிமிடத்தில் ஒருநாளும் ஞாபகம் வந்ததில்லை. என் மகனுக்குப் பெண் பார்த்தபோது தரகர் கொடுத்த தாளில் அந்தக் கட்டத்தை நான்தான் நிரப்பினேன். எனக்கு உறுத்தவில்லை. எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிற ஒரு அக்கா, "இந்தக் கட்டம் எதுக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவுக்கும் உறுத்தவில்லையே, நாத்தான் தீர்க்கதரிசி வந்து "நீயே அந்த மனுஷன்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே உங்களிடம் நேராகப் பேசக்கூடிய ஒருவராவது வேண்டும். முடிந்தால் உங்களைவிட வேறு வீட்டில், வேறு தெருவில் வளர்ந்தவராக.

அப்படியென்றால் மனிதரிடம் அறிக்கை செய்ய வேண்டுமா? கடவுளிடம் சொன்னால் போதாதா?

மன்னிப்புக்குக் கடவுள் போதும். கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது, அதன் ரகசியத்தைக் குருவானவர் காப்பாற்றியே ஆக வேண்டும். நமக்கு யாக்கோபு 5:16 இருக்கிறது, "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று. ஆனால் ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணீரோடு சொன்னது மறுநாள் 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் ஊரெல்லாம் சுற்றுவதை நான் பார்த்திருக்கிறேன்.

யாருக்காவது நஷ்டம் செய்திருந்தால் கதை வேறு. வரி வசூலித்த சகேயு வெறும் வார்த்தையோடு நிற்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். பணத்தை எடுத்தவரிடம் பணத்தைக் கொடுங்கள்.

வீட்டுக்காரர் அடிக்கிறார். சபையில் சொன்னால் 'முதலில் உன்னை நீ சோதித்துப் பார்' என்கிறார்கள்.

அது சோதித்தறிதல் இல்லை, உங்கள் மேல் இன்னொரு அடி. அடித்தவன்தான் தன்னைச் சோதிக்க வேண்டும். பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் செய்யுங்கள். 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கிறிஸ்தவக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். வியாதியோ கஷ்டமோ வந்தவரிடம் 'என்ன பாவம் செய்தாய்' என்று கேட்கிறவர்களுக்கும், பிறவிக்குருடனைப் பற்றி 'இவன் பாவமும் இல்லை, பெற்றவர்கள் பாவமும் இல்லை' என்று இயேசு சொன்ன யோவான் 9:3-ஐ வாசித்துக் காட்டுங்கள்.

அழுகையே வரவில்லை. உண்மையான மனந்திரும்புதல்தானா?

கண்ணீரை வைத்து அளக்காதீர்கள். எனக்கும் சீரியல் பார்த்தால்தான் வருகிறது.

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். எத்தனை தரம் மன்னிப்புக் கேட்பது?

விழுந்த எண்ணிக்கையும் எழுந்த எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கும்வரை கவலை இல்லை. 1517-இல் லூதர் எழுதிய 95 கருத்துகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். ஒருநாள் கன்வென்ஷனில் முடிகிற வேலை இல்லை.

ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு வழியை அப்படியே வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எந்த நேரத்தில் விழுகிறீர்கள்? பசியிலா, தனிமையிலா, யாரோடு பேசிய பிறகு? குடியை விட முயல்கிறவர் வேலை முடிந்து வரும் பாதையை மாற்றிக்கொள்வதும் மனந்திரும்புதல்தான்.

இரவில் உட்கார்ந்தால் இரண்டாவது படியிலேயே தூங்கிவிடுகிறேன். என்ன செய்வது?

தூங்குங்கள். கவுண்டரில்தான் டாலி ஆகாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. இங்கே அந்த விதி கிடையாது. நன்றி சொல்கிற இடம்வரை வந்துவிட்டீர்கள் அல்லவா? மீதியை மறுநாள் காலை, பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்கிற நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். என் மாமியார் அப்படித்தான் செய்கிறார், பால் மட்டும் வாரத்துக்கு இரண்டு நாள் வழிந்துவிடும்.